மூன்றாவது ஃபேன்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஃபேன் மாட்டத் தெரியும் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அதைத் திருப்பித்தான் மாட்டுகிறார்கள். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, டாக்டர். இறக்கை திறந்தபடி தெரிகிற பக்கம் காற்றை இழுக்கும். குறுக்குச் சட்டமும் ஸ்டிக்கரும் இருக்கிற பக்கம் காற்றைத் தள்ளும். பெட்டியின் முன்னால் இருப்பவை வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் இருப்பது சூட்டை வெளியே தள்ள வேண்டும். அவ்வளவுதான். நான் கடை வைத்த நாளிலிருந்து ஒரு ஃபேனைக்கூடத் திருப்பி மாட்டியதில்லை.

இதை எதற்கு இங்கே சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். வெளியே நாற்காலியில் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என் தங்கை, அவளைப் பற்றிப் பேசத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள். அவளுக்கு இந்தச் சத்தம் எப்போதிலிருந்து கேட்கிறது, வீட்டில் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். கொஞ்ச நாள் இங்கேயே படுக்கவைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னீர்கள். அதற்கு அவசியம் இல்லை. ஏன் இல்லை என்று சொன்னால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். அதற்குத்தான் ஃபேனிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அவள் வேலை என்னவென்று உங்களிடம் சொல்லியிருப்பாள். டப்பிங் பேசியது, கதை படித்துப் பதிவு செய்தது எல்லாம் அவளிடம் வரும். அதில் இருக்கிற தேவையில்லாத சத்தத்தையெல்லாம் வெட்டி எடுத்துச் சுத்தமாக்கிக் கொடுப்பாள். பேசியவர் எச்சில் விழுங்கியதுகூட அவளிடம் தப்பாது. அவள் காது அப்படி. வீட்டில் நான் படியேறும்போதே, செருப்பு தேய்கிற விதத்தை வைத்து அன்றைக்குக் கடையில் யாரோடு சண்டை போட்டேன் என்று சொல்லிவிடுவாள். அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்தது நான்தான். எனக்கென்று குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதும் இல்லை.

புதுக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவள்தான் கேட்டாள்.

"அண்ணா, பெட்டி அங்க இருக்கறதே தெரியக் கூடாது. உன்னால முடியுமா?"

"பெட்டிச் சத்தத்த நிறுத்திடலாம் பாப்பா. உன் வாய நிறுத்தத்தான் எங்கிட்ட ஸ்பேர் இல்ல."

சிரித்தாள். அவள் கல்யாணம் ஆகிப் போகிற வயதைத் தாண்டியும் நான் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

மூன்று ஃபேன் போட்டேன். முன்னால் மேலே ஒன்று, கீழே ஒன்று, பின்னால் ஒன்று. எல்லாம் பெரிய அளவு. பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்று வரும், சத்தம் வராது. திருகாணி போட்டு இறுக்காமல் ரப்பர் ஊசி போட்டேன். ரப்பரின் வாலைப் பிடித்து ஓட்டை வழியாக இழுத்துவிட்டால் ஃபேன் அதில் தொங்கிக்கொண்டிருக்கும், அதிர்வு பெட்டித் தகட்டில் இறங்காது. கீழே இருந்த ஃபேனுக்கு இழுக்கும்போது வால் அறுந்துவிட்டது. அவசரத்துக்கு அந்த ஒன்றுக்கு மட்டும் இரும்புத் திருகாணி போட்டேன். ரப்பர் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டதுதான். அதில் ஒரு திருகாணியை நான் சரியாக இறுக்கவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும்.

கொஞ்ச நாள் கழித்து மத்தியானம் கடைக்குப் போன் செய்தாள். பெட்டிக்குள் ஏதோ முனகுகிறது என்றாள். கடையைச் சாத்திவிட்டுப் போனேன். கதவைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழ் ஃபேன் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வரும்போது அந்தத் தளர்ந்த திருகாணி தகட்டோடு பேச ஆரம்பித்திருந்தது. தேனீ ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அரைச் சுற்றுச் சுற்றினால் முடிந்துபோகிற விஷயம்.

அவளைச் சீண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே பாப்பா."

"விளையாடாத. நல்லாக் கேளு."

"சத்தியமாக் கேக்கல."

அவள் முகம் மாறியது. சின்ன வயதில் கரண்ட் போனால் எங்கே இருந்தாலும் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அந்த முகம் போய் எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அன்றைக்குத் திரும்பி வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போ என்றாள். டீ போட்டாள். நாங்கள் உட்கார்ந்து பேசினோம். ஒரே வீட்டில் இருந்தும் அப்படிப் பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை. அவள் எப்போதும் ஹெட்போனும் மூடிய கதவுமாக இருப்பாள், மாலையானால் போனும் கையுமாக இருப்பாள்.

போனில் யார் என்பதையும் அன்றைக்குத்தான் மென்று விழுங்கிச் சொன்னாள். ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறவன். நான் அவனுக்கு நெட்டையன் என்று பெயர் வைத்தேன், எங்கள் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவனால் உள்ளே வர முடியாது. அவனுக்கு வேறு ஊரில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் இடம் கிடைத்திருக்கிறது, அவளையும் எடுத்துக்கொள்வார்கள், கல்யாணம் செய்துகொண்டு இருவரும் போய்விடலாம் என்று இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போதே அவள் என் கையைப் பிடித்தபடிதான் இருந்தாள். நான் நல்லது என்றேன். கல்யாணத்துக்கு நான் ஒருநாளும் எதிர்ப்புச் சொன்னதில்லை, டாக்டர். கொஞ்சம் தள்ளிப் போனால் நல்லது என்று மட்டும் நினைத்தேன்.

திருகாணியை நான் இறுக்கவில்லை.

ஆனால் அதை அப்படியே விட்டாலும் சரிப்படாது. கெட்டிக்காரி, தானே பெட்டியைத் திறந்து கையை வைத்துப் பார்த்துவிடுவாள். வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் இல்லையா? சாதாரணமாக ஃபேன் ஒயரை மதர்போர்டில் செருகுவோம். அதில் ஒரு கம்பி ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லும், அது திரையில் எண்ணாகத் தெரியும். கீழ் ஃபேனை மட்டும் அங்கிருந்து பிடுங்கி, கலர் விளக்கு ஃபேன்களோடு வருகிற ஒரு சின்ன கன்ட்ரோல் பெட்டியில் செருகினேன். அதற்குப் பவர் சப்ளையிலிருந்து நேரே கரண்ட். ஃபேன் வேகத்தை ரிமோட்டில் கூட்டலாம், குறைக்கலாம். பின்பக்கத் தகட்டுக்கு அடியில், ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். திரையில் பார்த்தால் இரண்டு ஃபேன் ஒரே சீராக ஓடுவது தெரியும். மூன்றாவதை போர்டு காட்டாது, அது சகஜம்தான் என்று சொல்லிவைத்தேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் என் பேச்சுக்கு மேல் அவளுக்குப் பேச்சு கிடையாது.

ரிமோட் என் சட்டைப் பையில் இருக்கும். நான் பக்கத்து அறையில். அவள் நாற்காலி பழசு, திரும்பினால் கிரீச்சிடும். அந்தக் கிரீச் கேட்டால் அவள் பெட்டி பக்கம் குனிகிறாள் என்று அர்த்தம், உடனே குறைத்துவிடுவேன். போனை எடுத்துப் பதிவு செய்யப் பார்ப்பாள், அதற்குள் அடங்கிவிடும். பிறகு என்னைக் கூப்பிடுவாள். நான் போய் அவள் கண் முன்னாலேயே பெட்டியைத் திறந்து காட்டுவேன். மூன்றும் பூ மாதிரிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

"உனக்குக் கேக்குதா அண்ணா?"

"இல்லையே."

இதைத்தான் சொன்னேன். கடுமையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ரொம்ப வேலை செய்யாதே, ஹெட்போனைக் கழற்றி வை என்று நல்லதுதான் சொன்னேன்.

அவள் ஆடிப்போனாள். பதிவில் சத்தம் எதுவும் இல்லாத இடத்தில் இருப்பதாக நினைத்து வெட்டினாள், இருக்கிற இடத்தில் சந்தேகப்பட்டு விட்டுவிட்டாள். கொடுத்த வேலை திரும்பி வந்தது. இதற்குமுன் அவளிடம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது அவளுக்கு. மாடி வீட்டுக்காரம்மா வேண்டுமென்றே மிஷின் ஓட்டுகிறாள் என்று சண்டைக்குப் போனாள். அந்தம்மா என்னிடம் தனியாக வந்து, தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, காதில் பழுதில்லை, தங்கமான காது என்றார். அதைக் கேட்டு அவள் அழுதாள். காதில் கோளாறு என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள் போலிருக்கிறது.

நெட்டையனுக்குத்தான் என் மேல் சந்தேகம். ஒருநாள் படியில் என்னை மறித்தான்.

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களுக்குச் சத்தம் கேக்கறப்பெல்லாம் நீங்க வீட்ல இருக்கீங்களா?"

"என் வீட்ல நான் இல்லாம வேற யாருப்பா இருப்பாங்க?"

அவன் சிரிக்கவில்லை. அடுத்த தடவை வரும்போது ஒரு நல்ல ரெக்கார்டரைக் கொண்டுவந்து அவள் மேஜைக்கடியில் வைத்தான். நிறுத்தாமல் ஓடட்டும், சத்தம் இருந்தால் இதில் மாட்டும் என்றான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். நான் நல்ல யோசனை என்றேன். அது ஓடி முடிகிற வரைக்கும் ரிமோட்டை நான் கையால் தொடவில்லை. கீழ் ஃபேன் நூல் பிடித்தமாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அப்போதும் கேட்டது.

இதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை என்று நினைக்கிறேன். அன்றைக்குத்தான் நான் செய்யாமலே அவளுக்குக் கேட்க ஆரம்பித்தது. எழுந்து வந்து, "இப்ப ரொம்ப ஜாஸ்தியா இருக்குண்ணா, கண்டிப்பா ரெக்கார்ட் ஆகியிருக்கும்" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, மறைக்க மாட்டேன். பிறகு, நல்லதுதான், இனிமேல் எனக்கு வேலை குறைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நெட்டையன் ரெக்கார்டரை எடுத்துப்போய், மறுநாள் வந்து அவளோடு உட்கார்ந்து அதை முழுக்கக் கேட்டான். அதில் ஒன்றும் இல்லை. அவன் முகத்தில் இருந்த சந்தேகம் போய்விட்டது. என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அவளிடம் ரொம்ப மெதுவாக, நாம் ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கலாம், நான் கூடவே இருக்கிறேன், ஊர் மாறினால் சரியாகிவிடும் என்றான். நல்ல பையன்தான்.

அவன் போன பிறகு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

"சத்தத்த வெட்டி எடுக்கறது அவனுக்கும் தெரியும் இல்ல பாப்பா?"

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. மீதியை அவளே யோசித்துக்கொண்டாள். அவள் தொழிலே அதுதானே, எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியாதா? அடுத்த நாள் அவனுக்குப் போன் செய்து, இனிமேல் வர வேண்டாம் என்றாள். அவன் வாசலில் வந்து நின்றான். என் தங்கை கதவைத் திறக்கவில்லை. பிறகு தனியாகவே அந்த ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அவன் போனதும் நான் செய்த முதல் வேலை அந்தக் கன்ட்ரோல் பெட்டியைக் கழற்றியதுதான். கீழ் ஃபேனுக்குப் புது ரப்பர் ஊசி போட்டேன், ஒயரை மதர்போர்டில் செருகினேன். ரிமோட்டை உடைத்துக் குப்பையில் போட்டேன். இப்போது அதைப் போல அமைதியான பெட்டி இந்த ஊரில் எவரிடமும் இருக்காது. காரியம் முடிந்த பிறகும் ஒருவரைக் கஷ்டப்படுத்துகிற ஆள் நான் இல்லை.

ஆனால் அவள் அந்த அறைக்கே போவதில்லை. வேலையையும் விட்டுவிட்டாள். குளிக்கும்போது கேட்கிறது என்கிறாள், சாப்பிடும்போது கேட்கிறது என்கிறாள். இங்கே வருகிற வழியில் பஸ்ஸில்கூடக் கேட்டதாம். பஞ்சு வைத்தால் இன்னும் கிட்டத்தில் கேட்கிறதாம், ஆனாலும் வைத்துக்கொள்கிறாள்.

ஆக, அவள் மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை, டாக்டர். காரணம் நான்தான். நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், நீங்கள் எழுதிக்கொள்ளலாம். காரணம் தெரிந்துவிட்டதால் அவளை இங்கே படுக்கவைக்க வேண்டிய தேவை இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. தெரியாத இடம், தெரியாத ஆட்கள், அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. தூங்குவதற்கு ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுங்கள். நான் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. இதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டாம். கொஞ்சம் முன்னால் வெளியே உட்கார்ந்திருந்தபோதுகூட, இப்ப உனக்குக் கேக்குதா அண்ணா என்று கேட்டாள். இல்லை என்றேன். இந்த முறை அது உண்மை. உடனே என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, நீ சொன்னா சரி என்றாள். அவளுக்கு இந்த உலகத்தில் நம்புவதற்கு மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான், டாக்டர். அதையும் நீங்கள் கெடுத்துவிட்டால் பிறகு அவள் என்ன ஆவாள் என்று யோசித்துப் பாருங்கள்.