மியூரியல் மெலிந்த கதை

"ஹலோ… ஓம் ஜெயனி, ஓம் ஓம், கேக்குது… பொறு பிள்ளை, நானே உனக்கு எடுக்க வேணுமெண்டு போனைக் கையிலை எடுத்தனான். நான் முதல் சொல்லிப்போடுறன். எழுபத்து நாலு… ஓம், கிலோதான், வேறென்ன. இப்பதான் பாமசியிலை ஏறி நிண்டு பாத்தனான். நம்பாமல் இறங்கித் திரும்பவும் ஏறினனான். அதே எழுபத்து நாலு. டொக்டர் கேட்டதிலும் பாக்க ஒண்டு குறைவு… ஹலோ? ஜெயனி? லைனிலை நிக்கிறியோ?"

புத்தூர்ச் சந்தியில் மருந்துக் கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள் மியூரியல். பருத்தித்துறைக்குப் போகிற பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றதால் மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டாள். ஐம்பத்தைந்து வயது. கல்யாணம் செய்யவில்லை. தாய் இறந்த பிறகு தம்பி நதானியேலை வளர்த்துப் படிப்பித்துச் சாவகச்சேரியில் ஜெயனிக்குக் கட்டிக்கொடுத்தவள் அவள்தான். கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் வீட்டிலிருந்தபடியே கேக் அடித்துக் கொடுப்பது அவளுடைய தொழில்.

நதானியேலின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிப்போனபோது, ஜெயனியின் இரத்தம் பொருந்தவில்லை. மியூரியலின் இரத்தம் பொருந்தியது; தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க அவள் முன்வந்தாள். எல்லாச் சோதனையும் முடிந்து கொழும்பில் போய் உட்கார்ந்தபோது, ஒப்பரேஷன் செய்கிற டொக்டர் கடதாசிகளைப் புரட்டிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். தொண்ணூற்றைந்து கிலோ உடம்பில் கத்தி வைக்க மாட்டேன் என்றார். இருபது கிலோ குறைத்துக்கொண்டு வந்தால் திகதி தருவதாகச் சொல்லியனுப்பினார். அதற்குப் பிறகு இரண்டு நத்தாரும் இரண்டு உயிர்த்த ஞாயிறும் போய்விட்டன. இன்றைக்கு அந்த இருபதும் போய்விட்டது.

"…ம்? என்ன ஸ்கான்? போன கிழமை எடுத்ததோ? அது வழமையா எடுக்கிறதுதானே… ஓம்… ஓம்… இருதயத்துக்கோ? அவனுக்கு இருதயத்திலை ஒருநாளும் ஒண்டும் இருக்கேல்லையே… ம்… தண்ணி தேங்கித் தேங்கி… ஓம்… வீங்கியெண்டால்? எவ்வளவு வீக்கம்?… பிள்ளை, அழாமல் சொல்லு. நீ அழுதால் எனக்கு ஒண்டும் விளங்காது… சரி. சரி, மூக்கைத் துடைச்சுப்போட்டுச் சொல்லு. நான் நிக்கிறன்."

பஸ் கிளம்பிப் போனது. புழுதி அடங்கும்வரை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"…ஆர் சொன்னது, இஞ்சத்தை டொக்டரோ, கொழும்பு டொக்டரோ?… ரெண்டு பேருமோ… ம்… ம்… ஒப்பரேஷனைப் பிந்திச் செய்வமெண்டு சொன்னவையோ, இல்லாட்டி…"

கண்ணைத் திறந்தாள்.

"…இனிச் செய்யவே ஏலாதாமோ."

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பஸ் தரிப்பிடத்துச் சீமெந்து வாங்கில் யாரோ வைத்துவிட்டுப்போன வெறும் உரப்பை ஒன்று கிடந்தது. அதைத் தள்ளிவிட்டு அவள் உட்கார்ந்தாள். உட்காரும்போது முன்னைப்போல முழங்கால் நோகவில்லை.

"இல்லை ஜெயனி, நான் கேக்கிறன். மருந்தைக் குடுத்து இருதயத்தைக் கொஞ்சம் தேத்திப்போட்டு, பேந்து செய்யலாந்தானே? ஆறு மாசம் கழிச்செண்டாலும்… ஓம்… ஓம்… மயக்க மருந்தே தாங்காதாமோ… ம்… ஓம், விளங்குது. விளங்குது பிள்ளை. நீ திருப்பித் திருப்பிச் சொல்லாதை… இந்தியாவிலை கேட்டால்? ஆரோ வேலூரிலை… ம். பிளேனிலை ஏத்தக்கூட விடமாட்டினமோ. சரி… சரி."

மியூரியல் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"…என்ன சொன்னனீ?… இல்லை, என்னவோ சொல்ல வந்து விழுங்கிப்போட்டாய். சொல்லு… இல்லைப் பிள்ளை, நான் கோவிக்கமாட்டன், சொல்லு… ம்… போன வருசம் எண்டால் செய்திருக்கலாமெண்டு டொக்டர் சொன்னவரோ. இல்லை, நீயாச் சொல்லுறியோ… சரி. ஆர் சொன்னாலும் அது உண்மைதானே."

உண்மைதான். கொழும்பிலிருந்து வந்த கையோடு, கோயில் பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று அவள் ஒரு பொருத்தனை செய்தாள். தம்பிக்கு உயிர் கிடைக்கும்வரை சோறு தொடுவதில்லை, சீனி தொடுவதில்லை, பகலில் தண்ணீர் மட்டும். முதல் மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. ஊரே வாயில் விரல் வைத்துப் பார்த்தது. பிறகு ஒரு கல்யாணக் கேக்குக்கு ஐசிங் பூசிக்கொண்டு நின்றவள் குசினியில் தலைசுற்றி விழுந்தாள். எழும்பினதும், சீவித் தள்ளிய ஓரத் துண்டுகளை எல்லாம் நின்றநிலையிலேயே அள்ளி அள்ளித் தின்றாள். அழுதுகொண்டே தின்றாள். இரண்டாம் பொருத்தனையும் அப்படித்தான் முடிந்தது, மூன்றாவதும் அப்படித்தான். ஒவ்வொரு தரமும் போன நிறை திரும்பி வரும்போது கூடவே இன்னும் கொஞ்சத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. தன் விசுவாசம் போதாது, தம்பி மேலிருக்கும் பாசமும் போதாது என்று அவள் தன்னையே வெறுத்துக்கொண்டு திரிந்த காலம் அது. அதிலேயே பாதி வருடம் போய்விட்டது.

கிளினிக்கில் டிலக்ஷி என்று ஒரு தாதி இருந்தாள். அவள்தான் ஒருநாள் மியூரியலைப் பக்கத்தில் இருத்தி, "அன்ரி, ஆண்டவருக்கு வாக்குக் குடுக்கிறதை விடுங்கோ. உங்கடை கை தானாப் போற இடத்தை மெல்ல மெல்ல மாத்துங்கோ. ஒண்டு பழகினாப் பிறகு மற்றது" என்று சொன்னாள். கேட்கும்போது மியூரியலுக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டுப்போல இருந்தது. என்றாலும் செய்தாள். தேத்தண்ணிக்கு அரைக் கரண்டி சீனி குறைத்தாள். நாக்கு அதை மறந்த பிறகு இன்னொரு அரைக் கரண்டி. கேக்கின் ஓரம் சீவினால், கத்தியைக் கீழே வைக்குமுன் அந்தத் துண்டுகள் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போயின. தட்டில் முதலில் கீரையும் கத்தரிக்காயும், மிச்ச இடத்தில் சோறு. பொழுதுபட முன்னம் இராச்சாப்பாடு. கடைக்குப் போக ஓட்டோ இல்லை, நடைதான். இதில் எதற்கும் அவள் பல்லைக் கடிக்கவில்லை, அழவில்லை. நிறை மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை என்று அசைந்து அசைந்து இறங்கியது. இறங்கியது திரும்பி ஏறவில்லை.

"ஜெயனி, கேள். நான் பட்டினி கிடந்தும் பாத்தனான். உனக்குத் தெரியும்… ஓம், விழுந்ததும் உனக்குத் தெரியும். கெதியாக் குறைச்சதெல்லாம் கெதியாத் திரும்பி வந்திட்டுது. ஆறுதலாக் குறைச்சதுதான் நிண்டது. ஆனால் அதுக்குக் காலம் எடுத்திட்டுது… நான் என்ன செய்ய, சொல்லு… இல்லை, நீ மன்னிப்புக் கேக்காதை. நீ கேட்டால் எனக்கு இன்னும் ஒருமாதிரிக் கிடக்கு… அழாதை எண்டெல்லே சொல்லுறன்… ம்?… ஆர் பறிக்கிறது போனை?… தம்பியோ? அவன் முழிப்போ? அவனுக்கு முன்னாலை இருந்தே கதைக்கிறாய்?"

அவள் வாங்கிலிருந்து எழும்பிவிட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், அவன் பார்த்துவிடுவான் என்பதுபோல.

"தம்பி… ஓம், அக்காதான். ஏனடா எழும்பினனீ, படுத்துக்கொண்டு கதை… நான் அழேல்லை. பஸ் ஒண்டு போனது, புழுதி… ஓம்… ஓம் ராசா… சொன்னவள், எல்லாம் சொன்னவள்… உனக்கு எப்ப தெரியும்?… வெள்ளிக்கிழமையேவோ? அப்ப ஏனடா எனக்குச் சொல்லேல்லை… ம்… நான் இண்டைக்கு நிறுக்கப் போறனெண்டோ… ம்."

அவள் ஆசையோடு தராசில் ஏறட்டும் என்று அவன் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒருதரம் இருமினாள். பிறகு காதில் வைத்தாள்.

"இருக்கிறன், இருக்கிறன்… எழுபத்து நாலு… ஓமடா, நாலு… சிரிக்காதை, பேந்து இருமுவாய்… பாத்தியே, சொன்னனான்… தண்ணி குடிக்காதை, வாயை மட்டும் நனை… ம்… எவ்வளவு காலமாமெண்டு நீ கேட்டனியோ?… கேக்கேல்லையோ. சரி. கேக்காதை. நானும் கேக்கேல்லை."

சந்தியில் ஒரு பெண் வீதியைக் கடந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தாள். கோயில் பெண்கள் சங்கத்து அருமைநாயகி. கையில் மரக்கறிப் பை.

"ஒரு நிமிசம் தம்பி… ஓம் அருமைநாயகி, ஓம்… மெலிஞ்சிட்டன்தான்… ஒண்டும் பெரிசாச் செய்யேல்லை, சும்மா நடக்கிறனான்… ஓம், ஓம், உங்களுக்கும் சொல்லித் தாறன். ஞாயிறு கோயிலிலை… இல்லை, இந்த ஞாயிறு வரமாட்டனாக்கும். பேந்து சொல்லித் தாறன், போட்டு வாங்கோ… தம்பி? இருக்கிறியோ… உவள் அருமைநாயகி. பத்து வயசு குறைஞ்சமாதிரி இருக்கிறனாம்… ஓமடா, உனக்குப் பகிடி."

அருமைநாயகி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மியூரியலின் சேலைச் சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அளவாகத் தைக்கக் கொடுக்க அவள் மனம் வைக்கவில்லை. ஒப்பரேஷன் முடிந்து வந்து தைப்பம் என்று இருந்துவிட்டாள்.

"…என்ன, இனி விடுறதோ? எதை விடுறது?… இனி வடிவாச் சாப்பிடுறதோ… ம்… தம்பி, நீ விளங்காமல் கதைக்கிறாய். நான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கேல்லையடா. சீனி போட்டுக் குடிச்சால் எனக்கு இப்ப குமட்டுது. பொழுதுபட்டாப் பிறகு சோறு இறங்காது. பின்னேரமெண்டால் கால் தன்ரை பாட்டிலை செருப்பைத் தேடுது… ஓம்… பொருத்தனையெண்டால் இண்டைக்கே முறிச்சுப்போட்டு அழுதுபோட்டுப் படுக்கலாம். இதை என்னண்டு முறிக்கிறது? இது எனக்குள்ளை ஊறிப்போச்சு. நீ வேண்டாமெண்டாலும் நாளைக்கும் இது நடக்கும். ஆருக்கெண்டு இல்லாமல் நடக்கும்… ம்… இல்லை, கோவமில்லை. உன்னிலை எனக்கென்ன கோவம்."

மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து விளம்பரப் பலகையை உள்ளே எடுத்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவளும் அசைத்தாள்.

"…ம்? என்ன, கேக்கோ? பட்டர் கேக்கோ?… உனக்கு ஆகாதெல்லே, டொக்டர்… ம்… டொக்டரே சொன்னவரோ. விரும்பினதைக் குடுக்கச் சொல்லியோ."

இந்த வசனத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் அதன் பொருள் அவளுக்குள் இறங்கியது. இவ்வளவு நாளும் வாழைப்பழத்தில் பாதியைக்கூட அவனுக்குக் கொடுக்க விடாத டொக்டர். ஜெயனி அழுது சொல்லாதது, ஸ்கான் சொல்லாதது எல்லாம் அந்த ஒரு அனுமதியில் இருந்தது. அவள் மறுபடியும் வாங்கில் உட்கார்ந்தாள்.

"…இருக்கிறன் ராசா… அடிச்சுக்கொண்டு வாறன். முட்டை கூடப் போட்டு அடிக்கிறன்… ஓம், மேலே ஐசிங் வேண்டாம், எனக்குத் தெரியாதே உன்ரை வாய்… சனிக்கிழமை அடிச்சால்தான் ஞாயிறு வெட்ட வரும்… ஓம், மீசாலை றோட்டாலை வாற பஸ்ஸிலை ஏறிடுவன், விடியவே வந்திடுவன்… ம்… நானுமோ?… சரி. சாப்பிடுறன்… ஓமெண்டெல்லே சொல்லுறன். உன்ரை கட்டிலிலை உன்னோடை இருந்து சாப்பிடுறன். குமட்டினாலும் சாப்பிடுறன்… எவ்வளவு பெரிய துண்டெண்டாலும்."

மறுமுனையில் அவனுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. ஜெயனி அவனைப் படுக்கச் சொல்கிறாள் போலிருந்தது. வைக்கப்போகிறான் என்று மியூரியலுக்குத் தெரிந்தது. அவள் அவசரமாகப் பேசினாள்.

"பொறு, பொறு, வைக்காதை… ஒண்டு சொல்லவேணும்… இல்லை, பெரிசா ஒண்டுமில்லை… தம்பி, எனக்கு ஒண்டு போதுமடா. மற்றது உன்ரையெண்டுதான் இவ்வளவு நாளும் நான் அதைச் சுமந்துகொண்டு நடந்தனான். இப்ப அதை நான் எங்கை கொண்டுபோய்… ஹலோ?… தம்பி?… ஹலோ?"

அவன் வைத்துவிட்டானா, லைன் தானாக அறுந்ததா என்று தெரியவில்லை. மியூரியல் திருப்பி அழைக்கவில்லை.