முக்பில் வீட்டுக் கோழி

...இல்ல தம்பி, உங்களைத் தள்ளி உக்காரச் சொல்லல. கூடை மேல முழங்கையை வைக்காதீங்கன்னுதான் சொன்னேன். உள்ள ஆள் இருக்கு. ஆள்னா... பச்சோந்தி. அட, எதுக்கு இப்படித் துள்ளுறீங்க? எட்டுப் பேர் உக்கார்ற வண்டியில பதினோரு பேர் இருக்கோம். நீங்க துள்ளினா நான் கதவோட பள்ளத்துலதான் கெடப்பேன். கடிக்காது. கடிக்கிற நெலமையிலயா இருக்கு அது... இந்தா பாருங்க, மூடியைத் தூக்குறேன். கண்ணை மூடிட்டிருக்கா? பட்டப்பகல்ல இது கண்ணை மூடினா நல்லதுக்கில்லையாம். இப்ங்கிற டவுன்ல ஒரு மருந்துக்கடைக்காரன் சொன்னான்.

முன் சீட்டு கேட்டேன் டிரைவர்கிட்ட. உடம்பு சரியில்லாத ஜீவன் இருக்கு, குலுங்கக் கூடாதுன்னு சொன்னேன். குடுத்தானா? அவன் மச்சினனுக்குக் குடுத்துட்டான். சரி. இந்த வண்டி நம்பரை மனசுல வெச்சிருக்கேன். நான் எதையும் மறக்கிறவன் இல்ல. எங்க ஊர் ஜிப்லாவுல போய் தாபித்னு சொல்லிப் பாருங்க, சொல்வாங்க.

பேரா? பில்கீஸ். சிரிக்காதீங்க, நான் வெக்கல. என் வீட்டுக்காரி தவ்லா வெச்சா. எந்தக் காலத்து ராணி பேரைக் கொண்டுபோய் ஒரு பச்சோந்திக்கு வெக்கலாமா? சொன்னேன். கேக்கல. "தலையைப் பாருங்க, கிரீடம் வெச்ச மாதிரி இல்ல?"ன்னா. தலையில என்னமோ கோபுரம் மாதிரி தூக்கிட்டிருக்கு, அது வாஸ்தவம்தான்...

எங்க வீட்டு மாடியில தவ்லா ரைஹான் செடி வளக்குறா, துளசி மாதிரி வாசனைச் செடி. நெய் டின்னு, பால் பவுடர் டின்னு, ஓட்டைப் பானை, எல்லாத்துலயும் ரைஹான். மொத்தம் பதினெட்டு. தினமும் காலையில ஒரு கொத்து கிள்ளி காதோரம் செருகினாத்தான் அவளுக்குப் பொழுது விடியும். நாப்பத்தோரு வருஷமா நான் அந்த வாசனையிலதான் கண்ணு முழிக்கிறேன்... முழிச்சேன். இப்ப ஒரு வாரமா வாசனை இல்ல. அதை விடுங்க.

அந்தச் செடிக்குள்ளதான் இது வந்து ஒட்டிக்கிச்சு, போன வருஷ மழைக்காலத்துல. எங்கேர்ந்து வந்துச்சோ. தவ்லா வெட்டுக்கிளி புடிச்சுக் குடுப்பா. கையால தண்ணி தெளிப்பா. கிண்ணத்துல வெச்சா குடிக்காதாம், இலையில துளியா நின்னாத்தான் நக்குமாம். எனக்கு இப்படி ஒரு நாள் தண்ணி குடுத்திருப்பாளா? "சொம்பு அங்க இருக்கு, எடுத்துக்கங்க." அவ்வளவுதான் எனக்கு.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், கோழி.

இல்ல தம்பி, கோழியிலதான் ஆரம்பிக்கணும். பக்கத்து வீட்டு முக்பில். அவன் மாடியும் என் மாடியும் ஒட்டிக்கிட்டிருக்கும். நடுவுல இடுப்பு உசரச் சுவரு. எங்க ரெண்டாவது பொண்ணு பொறந்த வருஷம் அவன் மாடித் தண்ணி போறதுக்கு ஒரு தகரக் குழாய் வெச்சான். மழை பேஞ்சா அவன் வீட்டுத் தண்ணி பூரா என் சுவத்துல. சொன்னேன். உடனே திருப்பி வெச்சுட்டான். ஆனா முதல்ல ஏன் வெச்சான்? அதான் என் கேள்வி. இருபத்தாறு வருஷமா அவனுக்கு நான் பாதி ஸலாம்தான். அவன் முழுசாச் சொல்லுவான். நான் "வஅலைக்கும்"ன்னு சொல்லி அங்கேயே நிறுத்திக்குவேன்.

அந்த முக்பில் அஞ்சு கோழி வளத்தான், மாடியில.

ஒரு நாள் காலையில தவ்லா கத்துறா. ஓடிப் போய்ப் பாத்தா, ஆறு டின்னுல மண்ணைக் கிளறி, ரைஹானெல்லாம் வேரோட சாஞ்சு கெடக்கு. மறுநாள் இன்னும் நாலு. தவ்லா அந்தக் காய்ஞ்ச செடியைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா பாருங்க... எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. மண்ணைக் கிளறுறது யாரு? கோழி. கோழி யாருது? முக்பிலோடது. இதுல யோசிக்க என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க!

நேரா ஊர்த்தலைவர் காயித் வீட்டுக்குப் போனேன். இடுப்புல இருந்த ஜம்பியாவை உறையோட உருவி அவர் முன்னால வெச்சேன். கத்தியைக் கீழ வெச்சாச்சுன்னா அப்புறம் தீர்ப்பு சொல்லாம அவர் எந்திரிக்க முடியாது. முக்பிலும் வந்தான், அவனும் தன் ஜம்பியாவை வெச்சான். "என் கோழியெல்லாம் கூண்டுலதான் இருக்கு தாபித்"ங்கிறான். கூண்டுல இருந்தா மண்ணை யாரு கிளறினது, ஜின் பூதமா? காயித் கேட்டாரு, "அத்தாட்சி இருக்கா?" இருக்குன்னேன். ஒரு கோழி இறகை எடுத்து வெச்சேன். செவப்பு இறகு. முக்பில் கோழியும் செவப்பு. என் மாடியில கெடந்துச்சு.

கெடந்துச்சுன்னு சொன்னேன்ல? ஏன் அப்படிப் பாக்குறீங்க?

தீர்ப்பு ஆச்சு. முக்பில் ஒரு கிடா கொண்டாந்து என் வாசல்ல அறுத்து, தப்புக்கு மன்னிப்புக் கேக்கணும். கொண்டாந்தான். அறுத்தான். ஊரே வந்து சாப்பிட்டுச்சு. வெந்தயம் அடிச்சு ஊத்தின சல்தா குழம்பு, ரொட்டி, கறி... நல்ல கிடாதான், குறை சொல்ல மாட்டேன். முக்பில் மட்டும் ஒரு வாய் கூட வெக்கல. அஞ்சு கோழியையும் சந்தையில வித்துட்டு வந்துட்டானாம். அவன் பொஞ்சாதி அழுதான்னு தவ்லா சொன்னா. எனக்கென்ன?

மறுநாள் மத்தியானம். மாடியில சாஞ்சு உக்காந்து காத் இலையை மென்னுக்கிட்டிருக்கேன். மனசு நெறஞ்சிருக்கு. இருபத்தாறு வருஷக் கணக்கு தீந்துச்சேன்னு. அப்ப ஒரு சத்தம். சர்ர்... சர்ர்... திரும்பிப் பாத்தேன்.

பில்கீஸ்.

ஒரு நெய் டின்னுக்குள்ள தலைகீழா நின்னு, ரெண்டு முன்னங்காலாலயும் மண்ணை வாரி வாரி வெளிய தள்ளுது! பச்சையா இருக்கிற ஜீவன் கறுத்துப் போயிருக்கு. மேல மஞ்சளும் நீலமுமா பொட்டுப் பொட்டு. என்னைப் பாத்துச்சு. இதுக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் போகும், தெரியுமில்ல? ஒரு கண்ணு என்னைப் பாக்குது. இன்னொரு கண்ணு முக்பில் வீட்டைப் பாக்குது! வாயில இருந்த காத் இலை தொண்டையில இறங்கிருச்சு எனக்கு.

என்ன கேக்குறீங்க? உடனே போய்ச் சொன்னீங்களாவா? அட போங்க தம்பி! ஊரே கை கழுவி எந்திரிச்ச மறுநாள், "மன்னிச்சுக்கங்க, கோழி இல்ல, பச்சோந்தி"ன்னு சொல்லச் சொல்றீங்களா? இந்தத் தாடியை வெச்சுக்கிட்டா?

கொஞ்சம் யோசிச்சேன். யாரும் பாக்குறதுக்குள்ள முடிக்கணும்னு, பதினெட்டு டின்னு மேலயும் கல்லு அடுக்கிட்டேன். தவ்லா திரும்ப நட்ட செடியிலயும் தண்டைச் சுத்தி நெருக்கமா. இனிமே எப்படிக் கிளறுதுன்னு பாக்குறேன்னு. தவ்லா கேட்டா, எதுக்குக் கல்லுன்னு. கோழிக்குன்னேன். "கோழியைத்தான் வித்தாச்சே"ன்னா. "வேற வாங்கிருவான்"னேன்.

எனக்கு எப்படித் தம்பி தெரியும் அது முட்டை போடுறதுக்குத் தோண்டுதுன்னு? நான் படிச்சவனா? ஆண் பச்சோந்தியை அந்த மாடியிலயே நாங்க பாத்ததில்ல. அதைத்தான் மருந்துக்கடைக்காரன்கிட்டக் கேட்டேன், சோடி இல்லாம முட்டை எப்படிய்யா வரும்னு. "சேவல் இல்லாம கோழி முட்டை போடலையா? அந்த மாதிரிதான்"ங்கிறான். சொல்றதுக்கு வேற பிராணியே கெடைக்கல பாருங்க அவனுக்கு! முட்டைதான்னு அவனும் அடிச்சுச் சொல்லல. வயித்தைத் தடவிப் பாத்தான். நீங்களும் தடவிப் பாருங்க... வேணாமா? சரி. மொச்சைக்கொட்டையைத் துணியில முடிஞ்ச மாதிரி இருக்கும். இருந்தா முப்பது நாப்பது இருக்கலாமாம். ஒரு முழம் ஆழத்துக்கு ஈர மண்ணு வேணுமாம். அது கெடைக்கலேன்னா உள்ளேயே அடக்கி வெச்சுக்குமாம். அடக்கி அடக்கி... செத்துப் போகுமாம்.

தவ்லா அதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சுட்டா. ஒரு நாள் பூரா அது கல்லு மேல பிராண்டுறதைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. சாயங்காலம் கீழ வந்தா. சத்தமே போடல. சத்தம் போட்டிருந்தா நான் பதிலுக்குப் போட்டிருப்பேன். "முக்பில்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க"ன்னா. மாட்டேன்னேன். "அப்ப நான் போறேன்"னு, முக்காட்டைப் போட்டுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குக் கோச்சுக்கிட்டுப் போயிட்டா. இந்த வயசுல! கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு தடவை போயிருக்கா. அப்ப எங்கப்பா போய்ப் பேசிக் கூட்டிட்டு வந்தாரு. இப்ப எனக்காகப் பேச யாரு இருக்கா? அவ அண்ணன் ஷாயிஃபோட வேற நான் பேசுறதில்ல. அது ஒரு கழுதை விஷயம், பெரிய கதை, எறங்குறதுக்குள்ள முடியாது.

இதை விட்டுட்டுப் போயிட்டா பாருங்க. நோயாளியை என் தலையில கட்டிட்டு...

என்ன? அவ்வளவு ஆசையா வளத்தவ ஏன் விட்டுட்டுப் போனான்னா?

...

நீங்க வாயைத் தொறக்கிறதே கம்மி. தொறந்தா இப்படிக் கேக்குறீங்க.

அவ விடல தம்பி. நான் குடுக்கல. தூக்கிட்டுப் போகத்தான் கூடையை எடுத்தா. நான் புடுங்கி, என் ரூம்ல வெச்சுப் பூட்டிட்டேன். "என் வீட்டுல வந்தது, என் வீட்டுலதான் இருக்கும்"னேன். வாசல்ல நின்னு கேட்டா. ரெண்டு தடவை கேட்டா. இது இங்க இருந்தா, இதுக்காகவாவது நாலு நாள்ல திரும்பிருவான்னு நெனச்சேன். வரல. நான் வெட்டுக்கிளி புடிச்சேன், இந்த முட்டியை வெச்சுக்கிட்டு. திங்கல. மண்ணை ஒரு பானையில கொட்டி வெச்சேன், ஒரு சாண்தான் இருந்துச்சு. தோண்டித் தோண்டி, அடி தட்டினதும் விட்டுருச்சு. இன்னைக்குக் காலையில கண்ணைத் தொறக்கவே இல்ல. என் விரலைப் புடிச்சுக்கிட்டுது. சின்னக் கை. அவ்வளவு இறுக்கமா...

சரி, எறங்குங்க. கடைசி நிறுத்தம் இதான். நீங்களும் இதே ஊரா? நல்லதாப் போச்சு. கொஞ்சம் கூட வாங்க, ஷாயிஃப் வீடு அதான், மூணு மாடி, வெள்ளை அடிச்ச ஜன்னல். நான் தனியாப் போய் நின்னா தொறக்க மாட்டாங்க. கூட ஒரு ஆள் வந்திருந்தா ஒரு மரியாதை. நீங்க எதுவும் பேச வேணாம், அதான் உங்களுக்கு நல்லா வருதே. சும்மா நில்லுங்க.

தவ்லா! ஏ தவ்லா!

...நான்தான். வேற யாரு வருவா... இல்ல, சண்டைக்கு வரல... ஷாயிஃப் வயலுக்குப் போயிருக்கானா? நல்லது, நல்லது... ஆமா, கூடையிலதான் இருக்கா. உயிரோடத்தான் இருக்கா தவ்லா. இருக்கா. கதவெல்லாம் தொறக்க வேணாம், மேல ஜன்னல்லேர்ந்தே கயிறை விடு, கூடையை மாட்டி விடுறேன்.

தம்பி, அந்தக் கொக்கியைப் புடிங்க. ஆடாம. ம்... மெதுவா இழு! மெதுவா! சுவத்துல இடிக்காம... போயிட்டா. பில்கீஸ் உள்ள போயிட்டா.

என்ன? ...பின்பக்கம் காப்பிச் செடிக்குக் கீழயா? நேத்துத்தான் கொத்தி விட்டாங்களா? நல்ல ஈரம் இருக்கா? சரி சரி, கொண்டு போ. யாரும் எட்டிப் பாக்கக் கூடாதா? நான் பாக்கல. சத்தியமாப் பாக்கல. நீ போ முதல்ல!

ஜன்னலைச் சாத்திட்டா. பாத்தீங்களா தம்பி? நாப்பத்தோரு வருஷம். அதுக்குக் கயிறு வந்துச்சு. எனக்கு?

உக்காருவோம். இந்தக் கல்லுல உக்காருங்க... இப்படியே எவ்வளவு நேரம்... ஆங்? ஜன்னலைத் தொறந்துட்டா! என்ன தவ்லா, என்ன ஆச்சு? ...தோண்டுறாளா? கண்ணைத் தொறந்துட்டாளா? முழுசா உள்ள எறங்கிட்டாளா! அல்ஹம்துலில்லா... இல்ல, அழல. தூசி. வண்டியில வந்த தூசி.

என்ன? ரைஹானை யாரு கிளறினதா? அதான் தெரியுமே உனக்கு. ...சொல்லணுமா? பில்கீஸ். ...கேக்கலையா? பில்கீஸ்னேன்! இன்னும் சத்தமாவா? ஏ, அக்கம்பக்கத்து ஜன்னலெல்லாம் தொறந்திருக்கு தவ்லா... சரி. சரி! கேட்டுக்கங்க எல்லாரும்! ஜிப்லா தாபித் பேசுறேன்! முக்பில் கோழி கிளறல! எங்க வீட்டுப் பச்சோந்திதான் கிளறிச்சு! போதுமா?

...எறகா?

அந்த எறகு... அது என் மாடியில கெடக்கல. நம்ம வீட்டுல கறிக்கு அறுத்த கோழியோடது. குப்பையில இருந்து நான்தான் எடுத்தேன். ஆமா, நானே! சிரிங்க, நல்லாச் சிரிங்க! அந்த மூணாவது ஜன்னல்ல சிரிக்கிறது யாருன்னு பாத்து வெச்சுக்கிறேன்!

என்ன தவ்லா? ...நாளைக்கு முக்பில் வீட்டுக்குப் போகணும். போறேன். ...ரெண்டு பேருமா? நீயும் வரியா? ஜிப்லாவுக்கா?

கதவு சத்தம் கேட்டுச்சே. தாப்பாள்ல கட்டின கயிறை மேலேர்ந்து இழுத்திருக்கா, கதவு தொறந்திருச்சு. தம்பி, போயிடாதீங்க. கூடவே உள்ள வந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க. வெளியாள் ஒருத்தர் இருந்தா அவ ரொம்பத் திட்ட மாட்டா, அதுக்குத்தான்... தம்பி?

அட, எங்க போனான்? இப்பத்தான நின்னான்?

...வரேன் தவ்லா. யாரும் இல்ல. தனியாத்தான் வரேன்.