பௌர்ணமிக்கு விடுப்பு வாங்கித் தந்தவர்

காயத்துக்கு மருந்தாய், கலக்கத்துக்கு மாற்றாய், கம்பம் பள்ளத்தாக்கின் காய்ச்சல்காரர்களுக்கெல்லாம் காவலாய் விளங்கி, இன்று பணி ஓய்வு பெறும் தலைமைச் செவிலியர் ஜெசிந்தா அம்மையார் அவர்களே!

'பால்நிலவே, பௌர்ணமியே' என்றுதான் தங்களை முதலில் விளித்திருந்தோம். "நிலாவ இழுக்காம ஒங்களுக்கு ஒரு வரி எழுத வராதா?" என்று தாங்கள் கேட்பது காதில் விழுந்ததால் அடித்துவிட்டோம். அந்த நிலவால் நாம் பட்ட பாட்டை மட்டும் அவையோருக்குச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

அவையோரே, மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு தொலைக்காட்சியில் செய்தி வந்தது. பௌர்ணமியன்று மனித மூளை கொந்தளிக்கிறதாம். விபத்தும் அடிதடியும் பெருகுகின்றனவாம். கம்பம் மருத்துவமனைப் பணியாளர்களே சாட்சியாம். அந்தச் சாட்சிகள் நாங்கள்தான். சித்ரா பௌர்ணமியன்று அவசரப் பிரிவு நிரம்பி வழிந்ததாகச் செய்தியாளர் அருண்பாண்டியிடம் தலைவாரிப் பவுடர் பூசிப் பேட்டி கொடுத்தோம். ஆண்டுக்கு ஒரே நாள் திறக்கும் மங்கலதேவி கோயிலுக்காக அன்று ஊரே மலையேறியிருந்ததை அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

செய்தியைப் பார்த்த நிர்வாக அலுவலர் சுரேஷ்கண்ணன், இனிப் பௌர்ணமிகளில் எவருக்கும் விடுப்பில்லை என்று ஆணையிட்டார். அடுத்து வந்த ஆனிப் பௌர்ணமியில்தான் செவிலியர் பாண்டீஸ்வரிக்கு நிச்சயதார்த்தம். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. இம்முறையும் தள்ளினால் வேறு பெண் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். நிறைந்த நாள் என்று அவர்களே குறித்த தேதி அது. ஒரே நிலா மாப்பிள்ளை ஊரான மயிலாடும்பாறையில் மங்கலம், கம்பத்தில் ஆபத்து.

மருந்தறையில் பாண்டீஸ்வரி அழுவதைக் கண்ட ஜெசிந்தாவுக்கு நிலாவின்மேல் கோபம் வரவில்லை, எங்கள்மேல்தான் வந்தது. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே அலுவலரின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் நாங்கள் ஒட்டுக்கேட்டோம் என்று சொல்ல முடியாது.

"அன்னைக்கு அத்தன சனம் மலையேறுனாக. வழுக்கி விழுந்து முட்டி பேந்து இங்கன வந்தாக. நிலாவா சார் தள்ளிவிட்டுச்சு?"

"டிவியிலயே சொல்லிட்டாக சிஸ்டர்."

"போன ஆடி அமாவாசைக்குச் சுருளியில குளிக்கப் போயி வரிசையா விழுந்தாகளே, அன்னைக்கு வானத்துல நிலாவே இல்லையே?"

அலுவலர் சற்று யோசித்தார். "அது, இல்லாமப் போனதோட பாதிப்பு சிஸ்டர்."

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டார். இந்த மனிதரிடம் வாதம் செல்லாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "பாண்டீஸ்வரி டியூட்டிய நான் சேத்துப் பாக்குறேன். சமாளிக்க முடியலைன்னா ஒங்க ஆர்டர் நிக்கட்டும். முடிஞ்சா கிழிச்சுப் போடணும்."

அலுவலர் ஒப்புக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று, நிலவை நேரலையில் காட்ட அருண்பாண்டிக்கு மொட்டைமாடிச் சாவியையும் கொடுத்துவைத்தார்.

ஆனிப் பௌர்ணமி மாலை சாரலோடு வந்தது. மூக்கில் மொச்சையைத் திணித்துக்கொண்ட ஒரு குழந்தை வந்தது. மண்வெட்டி பட்ட காலோடு சுருளிப்பட்டித் திராட்சை விவசாயி ஒருவர் வந்தார். பிறகு மாடிப்படியில் தடதடவென்று ஒரு சத்தம். கணுக்கால் பிசகிய அருண்பாண்டியைத் தூக்கிவந்தோம்.

கட்டுப் போட்டபடியே ஜெசிந்தா கேட்டார்: "நிலா மேகத்த விட்டு வெளிய வரவேயில்லையேப்பா. எதப் பாத்து விழுந்த?"

"படி ஈரமா இருந்துச்சுக்கா."

"இத அப்படியே டிவியில சொல்லுவியா?"

அவர் சொல்லவில்லை. 'பௌர்ணமிக்குச் செய்தியாளரும் தப்பவில்லை' என்றுதான் மறுநாள் வந்தது. ஆனால் வந்த மூவரையும் ஜெசிந்தா சமாளித்துவிட்டார்; விழுந்தவருக்குச் சாவி கொடுத்தவர் யார் என்பதும் அலுவலருக்குத் தெரியுமே. ஆணையைத் தம் கையாலேயே கிழித்தார். அதற்குள் மயிலாடும்பாறையில் தட்டு மாற்றி முடித்திருந்தார்கள்.

அன்பின் அம்மையாரே, இரவுப் பணிகளுக்கிடையே நிலவை ஆம்புலன்சுக்குப் பின்னால் மட்டுமே பார்த்தவர் தாங்கள். இனி அல்லிநகரத்து வீட்டு மாடியில் அமர்ந்து, அதன்மேல் ஒரு வழக்கும் இல்லாமல், நோயற்று நெடுங்காலம் பார்த்து மகிழ வாழ்த்துகிறோம்.

இன்றும் பௌர்ணமிதான். இம்மடலை வாசிக்கும் பாண்டீஸ்வரியின் இடுப்பில் அவள் மகள் வீறிட்டுக் கத்திக்கொண்டிருக்கிறாள். அருண்பாண்டி கேமராவோடு வந்திருப்பதால் தெளிவாகவே சொல்லிவிடுகிறோம்: காரணம் நிலா அல்ல, எங்கள் மடலின் நீளம்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
பௌர்ணமியிலும் விடுப்புப் பெறும் மருத்துவமனைப் பணியாளர்கள்,
கம்பம்.