வயர் இல்லாத ஸ்விட்ச்

இருந்தவர்கள்: வயரிங் வேலைக்கு வந்தவர். அவரைக் கூப்பிட்டனுப்பிய பெண். பக்கத்து அறைக் கட்டிலில் ஒரு பெரியவர், அவர் பேசவில்லை.

— கழட்டியாச்சு, பாருங்கக்கா. பின்னாடி ஒரு வயர்கூட இல்ல, வெறும் செவுரு. எங்க முதலாளி மாதிரி, வெளிய பளபளன்னு, உள்ள ஒண்ணுமில்ல.

— தெரியும் தம்பி.

— தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்களா? நல்ல கதை.

— அந்த ரூம்ல மூச்சு கேக்குதா?

— கேக்குது. ரம்பம் அறுக்கிற மாதிரி. மாமனாரா?

— அது அப்பப்ப நின்னுடும். நின்னா இத அழுத்துவேன். திரும்ப வந்துடும். ஒரு தடவகூடத் தப்பினதில்ல.

— கோவிச்சுக்காதீங்கக்கா. மூச்சு தானா நிக்குது, தானா வருது. நடுவுல உங்க விரலு போய் உக்காந்திருக்கு, அவ்ளோதான். நான் தும்மினதும் பஸ் வந்தா, தும்மலா பஸ்ஸக் கூட்டிட்டு வந்துச்சு?

— நீங்க தும்மாத அன்னிக்கும் பஸ் வந்ததப் பாத்திருக்கீங்க. நான் அழுத்தாம விட்டுப் பாத்ததே இல்லையே.

— அப்ப விட்டுப் பாருங்க.

— வராமப் போயிட்டா?

— வரும்கா. பதினாலு வருஷமா இதே தொழில். வயர் இல்லாம எதுவும் எங்கயும் போகாது. அதுக்கு நான் பொறுப்பு. அது... அக்கா, நின்னுடுச்சு.

— ஆமா. ஸ்விட்ச் உங்க கையிலதான் இருக்கு.

— இருக்கட்டும். இப்ப வந்துடும் பாருங்க.

— பத்து எண்ணியாச்சு.

— வரும்.

— இருபது.

— வரும்னு சொல்றேன்ல!

— முப்பது. கதவு இடுக்குல பாருங்க, உதடு நீலமாகுது.

— எண்ணாதீங்கக்கா, தயவுசெஞ்சு...

— நாப்பது.

— ஆ! வந்துடுச்சு! கேக்குதா? வந்துடுச்சு!

— டக்குன்னு ஒரு சத்தமும் கேட்டுச்சு.

— விரலு தானாப் போயிடுச்சுக்கா. ஆனா அதனால வரல. சத்தியமா அதனால வரல.

— அப்ப அடுத்த தடவ அழுத்தாதீங்க.

— ...அடுத்தது எப்ப நிக்கும்?

— சொல்ல முடியாது. தூங்குறப்பவும் காது அங்கயே இருக்கணும்.

— செருப்ப எதுக்கு மாட்டுறீங்க? அக்கா! மாமனார விட்டுட்டு எங்க போறீங்க? வாசக் கதவ ஏன் சாத்துறீங்க? அக்கா, பூட்டாதீங்க!

— மாமனாரா? அவரு பேருகூட எனக்குத் தெரியாது தம்பி. அவருக்கு ரத்த டெஸ்ட் எடுக்க லேப்லேர்ந்து வந்தவ நான். ஏழு வருஷமாச்சு.