குளியலறைக் கம்பி

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். அக்காளும் தங்கையும் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஃபேனு, மோட்டாரு, ஊஞ்சல் எல்லாத்தையும் வீட்ட விக்கிறவரு கழட்டிக்கிட்டுப் போகட்டும்க்கா. பாத்ரூம் சுவத்துல பிடிச்சு நடக்கப் போட்டிருக்க கம்பிய மட்டும் விட்டுத் தாங்கன்னு கேட்டேன்" என்றாள் தங்கை.

"வீடு வாங்கப் போன எடத்துல இதையாட்டி கேட்ட?"

"பக்கவாதம் வந்த பொறவு என் மாப்பிள தனியாக் குளிச்சதே இல்லல்லா. வீடு பாக்கப் போன அன்னைக்கு அந்தக் கம்பியப் பிடிச்சு உள்ள போனாவ, தானே திரும்பி வந்தாவ. நான் கையே குடுக்கல்ல. அதுக்குத்தான் அந்த வீடே வேணும்னு நின்னேன்."

"வீட்ட விக்கிறவரு என்ன சொன்னாரு?"

"அந்தக் கம்பிய ஒருக்கா தடவிப் பாத்தாரு. பொறவு, 'எங்கப்பாவுக்குப் போட்டது, உங்களுக்கு இருக்கட்டும்'னு சொல்லிட்டாரு."

அக்காள் மூச்சை விட்டாள். "மாப்பிளைக்குச் சந்தோசமா?"

தங்கை சிரித்தாள். "'இனி நான் குளிக்கையில நீ ஒரு எடத்துல இருந்து சாயா குடி'ன்னாவ."