பாசித் போட்ட கீல்

பால் இல்லாத டீயே போதும் சார். பால் சேர்த்தால் எனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் அந்த காரின் பானெட் கீலைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். அவசரப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கோட்டைக்குப்பம். பாசித் பழவேற்காடு பஜாரில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, பிறகு ஒரே பட்டறை. படகு எஞ்சினுக்குப் பெட்டி அடிப்போம், அதற்கு மூடி போடுவோம், வெல்டிங் வைப்போம். கைவேலை அவனுடையது, வாய்வேலை என்னுடையது. கூலி கேட்கக்கூட அவனுக்குக் கூச்சம். தஸ்லீமாவை அவனுக்குக் கேட்டு அவள் வீட்டில் பேசியதே நான்தான். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

விஜயராகவன் சார் அந்த காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நெல் விவசாயக் குடும்பம், இப்போது மெட்ராஸில் பழைய கார்களைச் சீர்செய்து விற்கிறார். இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், நாங்கள் பிறப்பதற்கு முன்னால் செய்தது. அதன் பானெட் மூக்குப் பக்கம் கீல் வைத்து முன்னால் கவிழ்ந்து திறக்கும். பழைய கீல் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது, வேறு எங்கும் கிடைக்கவில்லை. எங்கள் படகு மூடிகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

பாசித் முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தான். பிறகு ஸ்டீலில் வெட்டினான், வளைத்தான், அரத்தால் ராவினான், மாட்டிப் பார்த்துக் கழற்றி மறுபடி ராவினான். கடைசியில் ஒற்றை விரலால் தூக்கினால் பானெட் எழுந்தது. எங்கேயும் உரசவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. விஜயராகவன் சார் மட்டும் பானெட்டைப் பார்க்கவில்லை, பாசித்தின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மீன் ஏலக்கூடத்துப் பக்கம் வைத்து பாசித் சொன்னான். அவர் கூப்பிடுகிறாராம், மெட்ராஸிலேயே வேலையாம், குடும்பத்துக்கு வீடும் தருகிறாராம். நான் என்ன ஆவேன் என்று கேட்டேன். சிரித்தபடியேதான் கேட்டேன்.

"தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானே துளசி. நீ இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சுக்கினு கீற? வாராவாரம் வருவேன்டா."

வாராவாரம். கோபம் இல்லை சார், வருத்தம்தான். உலகம் தெரியாதவன், அங்கே போய் ஏமாந்துவிடுவான். அவனைத் தடுக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருந்தது.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். கீலுக்குள் ஓர் ஆணி ஓடும். அது நழுவாமல் இருக்க, அதன் நுனியில் உள்ள ஓட்டையில் சின்னக் கம்பி கோத்து மடக்குவார்கள், காட்டர் பின் என்பது அதுதான். படகில் நாங்கள் அதைப் போடுவதில்லை. கடலில் எஞ்சின் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் ஆணியை உருவி மூடியை வீசிவிட வேண்டும், பின்னைப் பிரித்துக்கொண்டிருக்க முடியாது. எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரன் எவனும் படகு மூடிக்குப் பின் போட்டதில்லை. ஆனால் கார் வேகமாக ஓடுகிற வண்டி. அதனால் பாசித் மறக்காமல் இரண்டு கீலுக்கும் பின் போட்டிருந்தான். நானே பார்த்தேன்.

அவன் அஸர் தொழப் போனபோது இரண்டையும் கழற்றினேன். ஆணிக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவினேன். வேலை என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்யக் கூடாது. பானெட் ஆடும், சத்தம் போடும், விஜயராகவன் சார் முகம் சுளித்து வேறு ஆளைத் தேடிக்கொள்வார். இவ்வளவுதான் என் கணக்கு. பின் இல்லாததை யார் பார்த்தாலும் படகுக்காரன் புத்தி, பழக்கதோஷம் என்றுதான் சொல்வார்கள் என்பதும் தெரியும்.

சோதனை ஓட்டத்தில் வண்டியை விஜயராகவன் சார்தான் ஓட்டுவதாக இருந்தது. சாவியும் அவர் கையில்தான் இருந்தது. நான்தான் எங்கள் ஊர் முறையை எடுத்துச் சொன்னேன். புதுசாக எஞ்சின் பூட்டிய படகை வெள்ளோட்டம் விடும்போது, பூட்டியவன்தான் சுக்கான் பிடிக்க வேண்டும். அவன் உயிரை அவன் வேலையே தாங்குகிறதா என்று ஊர் பார்க்கும். "வேல செஞ்சவன்தான் சார் மொதல்ல ஓட்டணும், அதான் இங்க வழக்கம்" என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், சாவியை பாசித்திடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று உங்கள் முகம் கேட்கிறது. யோசித்துப் பாருங்கள். அவர் வெளியாள், பெரிய இடம். அவர் ஓட்டி அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் கேஸ், கோர்ட் என்று பாசித்தான் அலைவான். எங்களுக்குள் என்றால் எங்களுக்குள்ளேயே முடிந்துவிடும்.

பொன்னேரி ரோடு உங்களுக்குத் தெரியும், பள்ளம் பள்ளமாக இருக்கும். ஆணிகள் நழுவிவிட்டன. நல்ல ரோடு வந்ததும் பாசித் வேகம் எடுத்திருக்கிறான். காற்று மூக்குப் பக்கமாக உள்ளே புகுந்து பானெட்டை அப்படியே பிய்த்து எடுத்துக் கண்ணாடி மேல் அடித்தது. அந்தக் காலத்துக் கண்ணாடி, கத்தி கத்தியாகத்தான் உடையும். பக்கத்தில் இருந்தவருக்குத் தோள் எலும்பு விலகியதோடு சரி. பாசித்துக்கு வலது கண் அங்கேயே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவன் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு அழுதான். "படகு நெனப்புலயே பின்னு போடாம உட்டுட்டேன்டா. நானே என் கண்ண அவிச்சிக்கினேன்." நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். மறுத்துப் பேசி நோயாளி மனதைக் குழப்பக் கூடாது, இல்லையா?

இடது கண் பிழைக்கும் என்றார் டாக்டர், சொட்டு மருந்து தவறக் கூடாது என்றார். தஸ்லீமா பகலில் இறால் கம்பெனிக்குப் போகிறவள். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பட்டறையை மூடினேன். அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்து நடக்க வைத்தேன், மீனில் முள் எடுத்து ஊட்டினேன். பாசித்தும் நானும் அவ்வளவு நேரம் பேசிச் சிரித்தது பள்ளிக்கூடத்து நாளில்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்கு வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொன்னான்.

அப்போது விஜயராகவன் சார் பழக்கூடையோடு வந்தார். தோளில் கட்டு. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கண் தெளிந்ததும் வந்துவிடு, உன் இடம் அப்படியே இருக்கிறது என்று பாசித்திடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு பாசித் ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தான். என்னைப் பார்த்து அல்ல, கதவுப் பக்கம் பார்த்து.

அதற்குப் பிறகுதான் பாட்டிலில் இருந்த மருந்தைக் கொட்டினேன்.

தஸ்லீமா அந்தப் பாட்டிலை உங்களிடம் கொடுத்துவிட்டாள், சரி. அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதில் இருப்பது ஏரித் தண்ணீர் என்று புகாரில் எழுதியிருக்கிறாளே, அதை மட்டும் திருத்திவிடுங்கள் சார். எங்கள் ஏரித் தண்ணீர் உப்பு, புண்ணில் பட்டால் எரியும். நான் ஊற்றி வைத்தது கடையில் வாங்கிய நல்ல கேன் தண்ணீர். பாசித்துக்கு வலிக்கிற காரியத்தை நான் ஒருநாளும் செய்ததில்லை.