மூன்று ஷோவுக்கு அரை டெசிபல்

அந்த ரெக்கார்டரைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வையுங்கள், மேடம். அங்கே வைத்தால் உங்கள் குரலும் வராது, என் குரலும் வராது, மேலே சுற்றுகிற மின்விசிறிதான் வரும். அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துப் போடுங்கள், நான் மேசையைத் தட்டித் தட்டிப் பேசுகிறவன். இப்போது சரி. பத்தொன்பது வருடம் இதே வேலை பார்த்தாயிற்று, கண்ணெதிரே ஒரு மைக் தப்பாக இருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

சவுண்ட் ஆள் என்றால் கூட்டத்துக்கு நடுவே பெரிய மேசை போட்டு நிற்கிறவரைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். அவர் வேறு. கூட்டத்துக்கு என்ன கேட்க வேண்டும் என்பது அவர் பாடு. மேடையில் இருப்பவர்களுக்கு என்ன கேட்க வேண்டும் என்பது என் பாடு. நான் மேடையின் இடது ஓரத்தில், திரை மறைவில் நிற்பேன். எங்களுடையது ஹெவி மெட்டல் குழு. பின்னால் டிரம்ஸ், இரண்டு பக்கமும் கிட்டார், நடுவில் நிற்கிற பாடகனுக்குத் தன் குரல் தனக்கே கேட்காது. காதில் மாட்டியிருக்கும் மானிட்டரில் நான் அனுப்பினால்தான் உண்டு. எவ்வளவு அனுப்புகிறேன் என்பது என் சுண்டுவிரலும் ஒரு ஃபேடரும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம். ஃபேடர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மேலும் கீழும் நகர்கிற சின்னக் கட்டை.

முதல் பாடகன் என் தம்பி. ரசிகர்கள் அவனுக்கு இடி என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டில் கதவு திறக்கும், அப்படிப்பட்ட குரல். ‘துரு’ என்று ஒரு பாட்டு. அதன் கடைசியில் பதினான்கு விநாடி மூச்சு விடாமல் ஒரு கத்தல் வரும். அந்த இடத்தில் அவன் இடது பக்கம் திரும்பி ஒற்றை விரலை உயர்த்துவான். ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் வானத்தைக் காட்டுகிறான் என்றார்கள், விதியைக் காட்டுகிறான் என்றார்கள். சட்டையில் அச்சடித்தார்கள், முழங்கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். அந்த இடம் வந்தால் மொத்தக் கூட்டமும் விரலைத் தூக்கும்.

உண்மையில் எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் குரலை ஏற்று என்று மானிட்டர் ஆளுக்குச் சொல்வது. நானும் தம்பியும் இதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

பதினோரு வருடம் பாடினான். பிறகு தொண்டை போய்விட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது அவனால் காற்றாகத்தான் பேச முடியும், பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். என் வீட்டு மாடியறையில் இருக்கிறான். என் மனைவி வெந்நீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது பாடகன் வந்தான். அவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். குரல் கண்ணாடிச் சில்லு போல இருந்ததால் சில்லு என்று பெயராகிவிட்டது. நல்ல பையன், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வந்த முதல் நாளே எல்லாரையும் விட்டுவிட்டு என்னிடம் வந்து, “அண்ணே, இடி அண்ணனோட பாட்டத்தான் நான் பாடணும். என்னைக் கொஞ்சம் பாத்துக்கங்க” என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அன்றிலிருந்து ரசிகர்களுக்கு வேறு வேலையே இல்லாமல் போனது. ஒரே பாட்டை இடி எப்படிப் பாடினான், சில்லு எப்படிப் பாடுகிறான். இதற்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் நடத்தியவரை எல்லாரும் தராசு என்பார்கள். தொழில் பல் மருத்துவர். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவே உட்கார்ந்து இரண்டு பதிவையும் வெட்டி ஒட்டுவார். சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதுபோல் காதுக்குத் தோன்றும். அது தெரிந்த ஒரே ரசிகர் அவர்தான், அதனால் இரண்டு குரலையும் ஒரே அளவுக்குச் சமன் செய்துதான் போடுவார். யார் என்று சொல்ல மாட்டார். முதலாவதா, இரண்டாவதா என்று ஓட்டுப் போட வேண்டும். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

முதல் வருடம் நூற்றுக்கு எண்பது ஓட்டு தம்பிக்குத்தான். “இடி பாடினா செவுரு இடியும், இவன் பாடினா செவுத்துல இருக்கற ஆணி ஆடும்” என்று ஒருவன் எழுதினான். தம்பி அதைப் பத்து தடவையாவது படித்திருப்பான். என்னிடம் காட்டுவான், என் மனைவியிடம் காட்டுவான். சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. அந்த ஓட்டுகள்தான் அவனுக்கு மருந்து என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு ஒவ்வொரு பாட்டாக விழ ஆரம்பித்தது. அந்த ஆணிக்காரனே, “சில்லு எந்த எடத்துல மூச்சு எடுக்கறான்னு கண்டுபிடிக்கறவனுக்கு என் வண்டிய எழுதித் தர்றேன்” என்று எழுதினான். கட்சி மாறுவது இவர்களுக்குச் சட்டை மாற்றுகிற மாதிரி. இரண்டு வருடத்தில் தம்பி கையில் மிஞ்சியது ‘துரு’ மட்டும். அதை யாராலும் தொட முடியாது என்று நாங்கள் நம்பினோம். ஒருநாள் காலை நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். ஐம்பத்து நாலு, நாற்பத்தாறு.

“அவன் நல்லாத்தாண்ணா பாடறான்” என்றான். பிறகு என் தட்டை எடுத்துப் போய்க் கழுவினான்.

அவன் கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். தட்டைக் கழுவியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொய்ப் பெயரில் நாலு பேராக ஓட்டுப் போட்டுப் பார்த்தேன், கடலில் பெருங்காயம் கரைத்த கதைதான். ஒரு லட்சம் பேருடைய காதை நான் என்ன செய்ய முடியும். என் கைக்கு எட்டியது ஒரே ஒரு காது.

நீங்கள் மேசையில் வைத்திருக்கிற அந்த அச்சுத்தாளில் இருப்பதெல்லாம் சரியான கணக்குதான். ஒவ்வொரு ஷோவுக்கும் என் மிக்ஸர் மேசையின் அமைப்பைத் தேதி போட்டுச் சேமித்து வைப்பது என் வழக்கம். நாற்பத்தொரு ஷோ, நாற்பத்தொரு ஃபைல். ஒன்றைக்கூட அழிக்கவில்லை. மூன்று ஷோவுக்கு அரை டெசிபல் வீதம் சில்லுவின் காதில் அவன் குரலைக் குறைத்தேன். சத்தம் அரை டெசிபல் இறங்கினால் எந்தக் காதுக்கும் தெரியாது. ஆனால் தொண்டைக்குத் தெரியும். ஓடுகிற பேருந்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்போது நாமாகவே கத்துகிறோம் அல்லவா, யாரும் கத்தச் சொல்வதில்லை. அதே விஷயம்தான்.

அவன் கேட்காமல் இல்லை. மதியம் ஒத்திகையின்போது, “அண்ணே, என் குரல் கொஞ்சம் பின்னாடி நிக்குது” என்பான். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழைய வேடிக்கை உண்டு. மிக்ஸர் மேசையில் எதனோடும் இணைக்காத ஃபேடர் ஒன்று இருக்கும். அவன் பார்க்கும்படி அதை நிதானமாக மேலே தள்ளுவேன்.

“இப்ப?”

“ஆங், இப்ப அருமையா இருக்குண்ணே.”

உலகத்தில் எல்லாப் பாடகர்களும் இப்படித்தான். ஏற்றியது போலக் காட்டினால் போதும், ஏறிவிட்டதாகக் காது நம்பிவிடும். இதில் நான் யாரையும் புதிதாக ஏமாற்றவில்லை.

முப்பதாவது ஷோவில் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்தான். பகலெல்லாம் பேசாமல் இருந்தான். ஒருநாள் என் பெட்டிமேல் உட்கார்ந்து, “என்கிட்ட ஏதாவது தப்பு தெரியுதாண்ணே? உள்ள இருந்து கேக்கறவர் நீங்க ஒருத்தர்தான்” என்றான். ஓய்வு எடுப்பா என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எடுத்திருந்தால் நல்லதுதான், அவன் எடுக்கவில்லை.

நாற்பத்தொன்றாவது ஷோவில் ‘துரு’வின் கத்தலில் ஒன்பதாவது விநாடி அது நடந்தது. அவன் இடது பக்கம் திரும்பினான். என்னைப் பார்த்து விரலை உயர்த்தினான். மேடைக்குக் கீழே எட்டாயிரம் பேர் விரலை உயர்த்தினார்கள். என் விரல் ஃபேடர் மேல்தான் இருந்தது. ஏற்றவில்லை. திடீரென்று ஏற்றினால் செவிப்பறை போய்விடும், மேடம். ஒரு பாடகனின் காதை நான் ஒருநாளும் கெடுத்தது கிடையாது.

குரல் துணி கிழிகிற மாதிரிக் கிழிந்தது. மைக்கின் வலையில் ரத்தம் இருந்தது, நான்தான் துடைத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் அவனை அனுப்பினேன்” என்று அழுதார். நானும் அழுதேன். இரண்டு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. பேசுவான், பாட மாட்டான். லிஃப்ட் வேலைக்கே திரும்பப் போகிறான் என்று கேள்விப்பட்டேன்.

உங்கள் தாளில் ஒரு கேள்விக்குக் கீழே கோடு போட்டிருக்கிறீர்கள். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிகிறது. ‘இப்படிச் செய்தால் தொண்டை போகும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?’

ஒரு டாக்டர் சொன்னார். எனக்குச் சொல்லவில்லை, தம்பிக்குச் சொன்னார். நான்கு வருடத்துக்கு முன்னால், அவனுடைய தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தவர். சிகரெட் உண்டா என்றார், இல்லை. குடி உண்டா என்றார், இல்லை. “மேடைல பாடறப்ப உங்க குரல் உங்களுக்குக் கேக்குமா? கேக்கலன்னா தொண்டை தன்னால இழுத்துக்கும், வருஷக்கணக்கா இழுத்தா இப்படித்தான் ஆகும்” என்றார்.

தம்பி சிரித்தான். “எங்க அண்ணன் பாத்துக்கறான் டாக்டர். அதுல ஒரு கொறையும் இல்ல.”

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் காதில் மாட்டுகிறது எல்லாம் எங்களிடம் இல்லை, தரையில் வைக்கிற ஸ்பீக்கர் பெட்டிதான். அவன் குரலை ஏற்றினால் பெட்டி ஊளையிடும். ஊளையிட்டால் கிட்டார்க்காரன் முறைப்பான், மேனேஜர் திட்டுவார். அதனால் தம்பி விரலை உயர்த்தும்போதெல்லாம் நான் அந்த இணைப்பில்லாத ஃபேடரைத் தள்ளினேன். அவனும் தலையை ஆட்டுவான். பதினோரு வருடம். அதற்குள் விரல் பிரபலமாகிவிட்டது, எல்லாரும் சிரித்தோம். டாக்டர் முன்னால் நான் வாய் திறக்கவில்லை. திறந்து என்ன ஆகப் போகிறது, போனது போனதுதானே.

இது யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கும். தராசு விட்டால்தானே. சில்லு விழுந்த பிறகு அவர் தம்பியின் கடைசி ‘துரு’வையும் சில்லுவின் கடைசி ‘துரு’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விநாடிக்கு விநாடி பொருத்திப் போட்டார். இரண்டும் ஒன்பதாவது விநாடியில் கிழிகிறது. இரண்டு பேரும் ஒரே பக்கம் திரும்புகிறார்கள், ஒரே விரலைத் தூக்குகிறார்கள். ரசிகர்கள் உருகிவிட்டார்கள். சில்லு தன் கடைசி மூச்சிலும் இடிக்கு மரியாதை செய்தான் என்று எழுதினார்கள். பாட்டுக்கே சாபம் என்று ஒருவன் எழுதினான். இந்தத் தடவை யார் நன்றாகப் பாடினார்கள் என்று தராசு ஓட்டு வைக்கவில்லை.

தம்பி அதை மூன்று தடவை பார்த்தான். நான் மாடிக்கு வெந்நீர் கொண்டுபோயிருந்தேன், என் மனைவிக்கு அன்று உடம்பு சரியில்லை. அவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

“இவன் மரியாதை பண்ணலண்ணா. கெஞ்சறான்.”

பிறகு திரையின் மறுபாதியில் இருந்த தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“நானும்” என்றான்.

உங்களுக்கு வந்த கடிதம் அவன் கையெழுத்துதான் என்று எனக்குத் தெரியும். ஃபைல்களைத் தேடச் சொன்னதும் அவனாகத்தான் இருக்கும், நான் எதையும் அழிக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அதற்காக எனக்கு அவன்மேல் வருத்தமில்லை. நான் செய்ததெல்லாம் அவனுக்காகத்தான் என்பது ஒருநாள் அவனுக்கே புரியும். நீங்கள் என்னை உள்ளே வைத்துவிட்டால் அவனை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் என் கவலை.

இன்றோடு பத்தொன்பது நாள், அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லதுதான். வாயைத் திறக்காமல் இருந்தால் தொண்டை கொஞ்சமாவது தேறும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.